பாதித் தும்மல்

"எங்க அத்தானுக்கு வேற தொடர்பு இருக்கு மேடம். யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்" என்றான் பெங்குயின். சொல்லி முடித்து ஆவேசமாக நிமிர்ந்ததில் தலை கூரையில் இடித்தது.

துப்பறியும் நிறுவனம் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்து நிற்க முடிகிற இடம் அந்த அறையில் ஒன்றே ஒன்று. அங்கே பாஸ் நாற்காலி போட்டிருந்தாள். மற்றவர்கள் குனிந்தபடி வந்து குனிந்தபடியே பேச வேண்டும். அதனால் புகார் கொடுக்க வந்தவர்கூட, செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவர் மாதிரியே தெரிவார். தொழிலுக்கு இது நல்லது என்பது மாமாவின் அபிப்பிராயம்.

மாமா என்பவர் பாஸுக்கு உண்மையிலேயே மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. சீலிங் ஃபேன் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். கம்பெனி நின்றுபோனதும் அக்கா மகளிடம் உதவியாளராகச் சேர்ந்துகொண்டார். வெளியாட்கள் முன்னால் 'பாஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நிபந்தனை. பதற்றத்தில் 'பாப்பா' என்று வந்துவிட்டால் அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல.

"வேற தொடர்புன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?" என்று பாஸ் கேட்டாள்.

"எங்க அக்காகிட்ட பேச மாட்டேங்கறார்."

"தம்பி, அது கல்யாணம் ஆனதுக்கான அறிகுறி" என்றார் மாமா.

பாஸ் மாமாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே அடக்கும் வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது. "முதல்லேருந்து சொல்லுங்க."

பெங்குயின் சொன்னான். அவன் கம்ப்யூட்டர் ஆள். சாதாரணக் கம்ப்யூட்டர் ஆள் இல்லை, லினக்ஸ் ஆள். கடையில் விற்கிற எதையும் அப்படியே உபயோகிக்க மாட்டான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகத் தானே கட்டளை அடித்தால்தான் அவனுக்குச் சாப்பாடு செரிக்கும். லினக்ஸின் சின்னம் பெங்குயின் என்பதால் ஆபீஸில் அந்தப் பெயர் வைத்தார்கள். நடையும் பொருந்திப்போனதால் பெயர் நிலைத்துவிட்டது.

அவனுடைய அக்காவுக்கு ஒரு தீவில், வானிலை நிலையத்தில் வேலை. கப்பல் ஏறிப் போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. அங்கே செல்போன் டவர் கிடையாது. இன்டர்நெட் மட்டும் உண்டு. அத்தான் அச்சகம் வைத்திருக்கிறார். கீழே அச்சகம், மேலே வீடு. அத்தானுக்கும் செல்போனுக்கும் ஆகாது. அதனால் பெங்குயின் தன் கையாலேயே ஒரு கையடக்கக் கம்ப்யூட்டரைத் தயார் செய்து அன்பளிப்பாகக் கொடுத்தான். மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுதான் இருக்கும். திறந்தால் மேலே திரை, கீழே பொடிப்பொடியாகக் கீபோர்டு. உள்ளே லினக்ஸ். மத்தியானம் ஆனால் அக்கா தீவிலிருந்து இன்டர்நெட் வழியாகக் கூப்பிடுவாள், அத்தான் கூட்டைத் திறந்து பேசுவார் என்பது ஏற்பாடு.

"ஆனா பேசறதில்ல. எடுக்கறார். எடுத்துட்டுச் சும்மா இருக்கார். எங்க அக்கா 'சொல்லுங்க, சொல்லுங்க'ன்னு கேட்டுட்டு, அங்க மழை, இங்க காத்துன்னு தானே கொஞ்சம் பேசிட்டு வெச்சுடறா. மாசக்கணக்கா இதே கதை."

"மெசேஜ் அனுப்பலாமே?"

"அத்தானுக்கு விரல் தடிமன் மேடம். ஒரு எழுத்தை அமுக்கினா மூணு விழும். 'ம்' மட்டும் அனுப்புவார். அது கீபோர்டு ஓரத்துல இருக்கு."

"மைக்ல கோளாறு இருக்கலாம்."

பெங்குயினின் முகம் மாறியது. பெற்ற பிள்ளைக்குத் திருட்டுப் பட்டம் கட்டினால் ஒரு தகப்பன் முகம் எப்படி மாறுமோ அப்படி.

"கோளாறா? நான் செட் பண்ணினது மேடம். மைக் மியூட்ல இல்ல. வால்யூம் முழுசா இருக்கு. சவுண்ட் சர்வரையே மாத்திப் பார்த்தேன். ரவுட்டர்ல வழி திறந்து விட்டிருக்கேன். நேர்லயே போய் டெஸ்ட் கால் போட்டேன், கணீர்னு கேட்டுது. அதெல்லாம் விடுங்க. அத்தான் வேலையாளைத் திட்டினா அங்க எங்க அக்காவுக்குத் தெளிவா கேக்குது. மைக் கெட்டுப்போயிருந்தா திட்டு மட்டும் எப்படிப் போகும்? மெஷின் நிரபராதி. மனுஷன்தான் குற்றவாளி."

மாமாவுக்கு இந்த வாதம் பிடித்திருந்தது. எளிமையாக இருந்தது, மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும் போலவும் இருந்தது.

"இப்ப என்ன அவசரம்?"

பெங்குயின் குரல் தாழ்ந்தது. "அக்காவோட கான்ட்ராக்ட் முடியுது. இன்னும் மூணு வருஷம் இருக்கியான்னு கேட்டிருக்காங்க. இன்னிக்குள்ள பதில் சொல்லணும். 'பேசாத மனுஷனுக்காக எதுக்குடா திரும்பி வரணும்'னு கேக்கறா. எனக்குப் பதில் தெரியல."

பாஸ் பென்சிலைக் கீழே வைத்தாள். "உங்க அக்காகிட்ட நான் பேசணும்."

பெங்குயின் மடிக்கணினியைத் திறந்தான். கொஞ்ச நேரத்தில் காற்று இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் வந்தது. காற்று எத்தனை வேகம் என்று கேட்டால் உடனே எண்ணைச் சொல்லிவிடும் தோரணையில் இருந்தது அந்தக் குரல்.

"துப்பறியறவங்களா? இவன்தான் உங்களைத் தேடி வந்தானா? சரி, கேளுங்க."

"இத்தனை மாசத்துல உங்க வீட்டுக்காரர் குரல் உங்களுக்குக் கேட்டதே இல்லையா?"

"கேட்டிருக்கே. 'டேய், மிஷினை ஏன்டா ஓட்டறே, நிறுத்துடா!' அது ஒரு தடவை. 'பூனை! பூனை!'ன்னு ஒரு தடவை. அப்புறம் ஒரு நாள் தும்மினார். வருஷம் பூரா எங்க குடும்ப வாழ்க்கை இவ்வளவுதான்."

மாமா சிரிப்பை அடக்க மேஜைக்குக் கீழே எதையோ தேடினார். பாஸ் மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தத் தும்மலைப் பத்திச் சொல்லுங்க."

"தும்மலைப் பத்தி என்ன சொல்றது? தும்மல்தான்."

"தும்மறதுக்கு முன்னாடி எல்லாரும் ஹா... ஹா...ன்னு மூச்சை இழுப்பாங்களே. அது கேட்டுதா?"

"இல்ல" என்றாள் அக்கா மெதுவாக. "திடீர்னு 'ச்சூ'ன்னு வந்துது. வந்த வேகத்துல நின்னுபோச்சு. மூக்கை உறிஞ்சறதுகூடக் கேக்கல. யாரோ கத்தரியால வெட்டி ஒட்டினாப்ல இருந்துது. நான் பயந்தே போய்ட்டேன்."

"நன்றி. இன்னிக்கு மத்தியானமும் வழக்கம்போல அவரைக் கூப்பிடுங்க. நாங்க அவர் வீட்டுப் படியில நிப்போம். உங்க காதுல என்ன விழுதோ அதை மட்டும் எனக்கு அப்பப்ப மெசேஜ் பண்ணுங்க. கணிப்பு வேண்டாம்."

"நான் வானிலை நிலையத்துல இருக்கறவம்மா. கணிச்சா தப்பாப் போகும்னு எனக்குத் தெரியும்."

வெளியே வந்ததும் மாமா கேட்டார். "பாஸ், ஒருத்தன் பொண்டாட்டியை விட்டுட்டு வேற யாரோடயோ சுத்தறான். நீங்க அவன் தும்மலை விசாரிக்கறீங்க."

"கோபத்துல பேச்சை அடக்கலாம் மாமா. தும்மலை அடக்கலாம்னே வெச்சுக்குவோம். தும்மலோட முன்பாதியையும் பின்பாதியையும் அடக்கிட்டு நடுவை மட்டும் வெளிய விடற மனுஷனை நீங்க பார்த்திருக்கீங்களா?"

மாமா தன் வாழ்நாளில் சந்தித்த தும்மல்களை ஒருமுறை நினைத்துப் பார்த்தார். இல்லை என்றே தோன்றியது.

* * *

அச்சகத்துக்குள் நுழைந்ததும் மாமாவின் பற்கள் தாமாகவே ஆடின. அறையின் பாதியை அடைத்துக்கொண்டு அச்சு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தடக் தடக் என்று அது தாளை விழுங்கித் துப்பும்போதெல்லாம் சுவரில் மாட்டியிருந்த காலண்டர்கள் தலையாட்டின. மசியும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. மிஷின்மேன் ஒருவர் ஒவ்வொரு தாளாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

துப்பறிய வந்ததை ரகசியமாக வைத்துக்கொள்ள மாமா ஒரு திட்டம் வைத்திருந்தார்.

"விசிட்டிங் கார்டு அடிக்கணும்!" என்று கத்தினார்.

"என்னது?"

"விசிட்டிங் கார்டு!"

"கல்யாணமா? எப்போ?"

"எனக்கில்ல! கார்டு! தொழில் கார்டு!"

"என்ன தொழில்?"

மாமா தெரு முழுக்கக் கேட்கும்படி, "துப்பறியும் நிறுவனம்!" என்று கத்தினார். ரகசியம் அத்தோடு முடிந்தது.

அப்போது மாடியில் யாரோ காலால் தரையை உதைக்கும் அதிர்வு வந்தது. காதில் விழவில்லை, காலண்டர்கள் தாளம் தப்பி ஆடியதிலிருந்து தெரிந்தது. மிஷின்மேன் உடனே ஒரு பிடியை இழுத்தார். மிஷின் பெருமூச்சு விட்டு நின்றது. வந்த அமைதியில் மாமாவுக்குக் காதுக்குள் மணி அடிப்பது கேட்டது.

"முதலாளி பேசற நேரம்" என்றார் மிஷின்மேன், சாதாரணக் குரலில். "ஃபோன் முடியற வரைக்கும் மிஷின் ஓடக் கூடாது."

"பேசுவாரா?" என்று பாஸ் கேட்டாள்.

"பேசுவாராவா? மாசக்கணக்கா பேசிட்டிருக்காரும்மா. மிஷின் நின்னா இங்க எல்லாமே கேக்கும். நான் ஒட்டுக் கேக்கறதில்ல. காதை என்ன கழட்டியா வைக்க முடியும்? இந்தப் படிக்கட்டுல டீயோட உக்காந்துடுவேன். அப்படியே தேன் மாதிரி பேசுவாரு. என் சம்சாரத்துகிட்ட நான் அப்படிப் பேசினா, என்னை நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவா."

பெங்குயின் பாஸின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "யார்கிட்ட பேசுவார்?"

"ராசாத்தின்னுதான் கூப்பிடுவாரு."

மாமா பெங்குயின் பக்கம் திரும்பினார். "உங்க அக்காவை உங்க அத்தான் எப்படிக் கூப்பிடுவார்?"

"'இந்தா'ன்னு கூப்பிடுவார்" என்றான் பெங்குயின்.

"இன்னும் சொல்றேன் கேளுங்க" என்றார் மிஷின்மேன், வருத்தமாக. "இந்த மிஷினை வித்துட்டு அந்த ராசாத்திகிட்டயே போகப்போறாராம். நாளைக்குப் பார்ட்டி வந்து மிஷினைப் பார்க்குது. அப்புறம் நான் எங்க போறது சொல்லுங்க?"

மாமாவின் இதயத்தில் பட்டாசு வெடித்தது. வேற பெண், மிஷின் விற்பனை, ஓட்டம். தும்மலை விசாரித்த அக்கா மகளை இரக்கத்தோடு பார்த்தார்.

மூவரும் சத்தமில்லாமல் படியேறிப் பாதியில் நின்றார்கள். மேலே கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளிருந்து ஒரு ஆண் குரல், காய்ச்சலில் படுத்த குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி, அடங்கி ஒலித்தது.

"...ராத்திரி ஸ்வெட்டர் போட்டுக்கறியா ராசாத்தி? காத்து சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. நான் வந்துட்டா ஜன்னலுக்குத் தடியா அட்டை வெட்டி ஒட்டிடுவேன். அட்டைக்கா நம்மகிட்ட பஞ்சம்?..."

பாஸின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. திரையை மாமாவும் படித்தார். தீவிலிருந்து அக்கா: *எடுத்துட்டார். வழக்கம்போல மௌனம்.*

மாமா திரையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். ஒரே ஆள். ஒரே நேரம். இங்கே தேன், அங்கே மௌனம்.

"ரெண்டாவது ஃபோன் வெச்சிருக்கான் பாப்பா" என்று கிசுகிசுத்தார். "பொண்டாட்டி லைனைத் திறந்து ஓரமா வெச்சுட்டு, இன்னொண்ணுல அவகூடப் பேசறான். என்ன நெஞ்சழுத்தம்!"

அதற்கு மேல் பெங்குயினால் தாங்க முடியவில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

"யாருடா அது செருப்போட!" என்று உள்ளே ஒரு கர்ஜனை.

பாஸின் போன் மறுபடி அதிர்ந்தது. *'யாருடா அது செருப்போட'. இது கேட்டுது.*

பாஸ் லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்து மாமா பார்ப்பது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை.

* * *

அறையில் வேறு பெண் இல்லை. வேறு போனும் இல்லை. மாமா தலையணைக்குக் கீழே வரைக்கும் பார்த்துவிட்டார். விரல் நகமெல்லாம் மசி படிந்த ஒரு மனிதர் மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் உள்ளங்கையில் அந்தக் கூடு திறந்திருந்தது. அதிலிருந்து அக்காவின் குரல், "யாரு செருப்போட வந்தது, ஏன் கத்தறீங்க?" என்றது.

"ராசாத்தி யாரு அத்தான்?" என்று பெங்குயின் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

அத்தான் காது வரை சிவந்தார். செருப்பைப் பார்த்தார், பாஸைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"முதல்ல லைனை கட் பண்ணுங்க சார்" என்றாள் பாஸ். அத்தான் ஏதோ ஒரு விசையை அமுக்கினார். மூன்று விசைகள் அமுங்கின. அழைப்பு எப்படியோ துண்டாயிற்று. "நாங்க யாருன்னு அப்புறம் சொல்றேன். உங்க மனைவிகிட்ட நீங்க இவ்வளவு நேரம் பேசினீங்க, இல்லையா?"

"ஆமா. தினம் பேசறேன். அவதான் நான் கேக்கறதுக்குப் பதில் சொல்றதில்ல. 'சொல்லுங்க, சொல்லுங்க'ம்பா, மழை, காத்துன்னு ஏதாவது சொல்லிட்டு வெச்சுடுவா. கேக்க விருப்பம் இருக்கு, பதில் சொல்ல விருப்பமில்ல போலன்னு விட்டுட்டேன்."

"நீங்க பேசினது அவங்களுக்கு ஒரு வார்த்தைகூடக் கேக்கல."

அத்தான் கையிலிருந்த கூட்டைத் திருப்பிப் பார்த்தார். "எந்த வார்த்தை?"

"எந்த வார்த்தையும். மிஷின்மேனைத் திட்டினது, பூனையை விரட்டினது, ஒரு தும்மல். இது மூணுதான் தீவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. தும்மலும் பாதிதான்."

அத்தான் கட்டிலில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். மசிக் கை நெற்றிக்குப் போனது. ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

பெங்குயின் குறுக்கிட்டான். "இருக்கவே முடியாது மேடம். நானே டெஸ்ட் பண்ணினேன்."

"எப்படி டெஸ்ட் பண்ணினீங்க? செஞ்சு காட்டுங்க."

பெங்குயின் கூட்டை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டான். "ஹலோ! ஹலோ! மைக் டெஸ்டிங்! கேக்குதா?" ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. கீழே மிஷின்மேன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, "கேக்குதுங்க!" என்றார்.

"உலகத்துல யாருமே மைக்கை ரகசியம் பேசி டெஸ்ட் பண்றதில்ல" என்றாள் பாஸ். "அதான் டெஸ்ட்ல ஒவ்வொரு தடவையும் தேறிடுது. சரி, ஒரு கேள்வி. கீழ இவ்வளவு பெரிய மிஷின் ஓடுது. அந்தச் சத்தம் போன்ல போகாம இருக்க ஏதாவது செஞ்சீங்களா?"

பெங்குயின் முகம் மலர்ந்தது. இவ்வளவு நேரமும் யாரும் கேட்காத கேள்வி. "அதுதான் மேடம் இதுல ஸ்பெஷல்! நானே எழுதின புரோகிராம். முதல்ல சும்மா இருக்கற சத்தத்தை அளந்துக்கும். அதுக்கப்புறம் அந்த அளவுக்குக் கீழ வர்ற எதையும் மைக் வழியா உள்ள விடாது. அதைவிட ஓங்கி வந்தா மட்டும் கதவு திறக்கும்."

"வாட்ச்மேன் மாதிரி" என்றார் மாமா.

"அதேதான் சார்!"

"அந்தச் சும்மா இருக்கற சத்தத்தை எப்போ அளந்தீங்க?"

"இங்கயேதான். இந்தக் கட்டில்லயே உக்காந்து, மிஷின் நல்லா ஓடிட்டு இருக்கும்போது..."

பெங்குயின் பாதியில் நிறுத்தினான்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. கீழேயும் இல்லை. அத்தான் பேசுகிற நேரத்தில் எப்போதும் இல்லாத சத்தம் அது. ராசாத்தியோடு நிம்மதியாகப் பேச வேண்டும் என்று தினமும் காலால் உதைத்து அவர் நிறுத்தி வைத்த சத்தம்.

ஃபேன் கம்பெனியில் சத்தத்தைப் பற்றிய புகார்களையே கேட்டுக்கொண்டிருந்த மாமாவுக்கு இந்த இடத்தில் பேசத் தகுதி இருந்தது. "அதாவது தம்பி, அச்சு மிஷினைவிடக் குரல் உசந்தவன் மட்டும் உள்ள வரலாம்னு வாட்ச்மேனுக்கு உத்தரவு போட்டிருக்கே. இவர் மிஷினை நிறுத்திட்டுக் கொஞ்சறார். வாட்ச்மேன் எப்படி விடுவான்? திட்டினா மட்டும் 'வாங்க சார்'னு கதவைத் திறந்திருக்கான்."

"குற்றவாளி கிடைச்சாச்சு" என்றாள் பாஸ். "நம்மகிட்ட புகார் குடுத்தவரே."

பெங்குயின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கூட்டைத் திறந்து, கறுப்புத் திரையை வரவழைத்தான். பொடி விசைகளில் அவன் விரல்கள் பறந்தன. ஒரு ஃபைலைத் திறந்தான், அதில் ஒரு எண்ணை அழித்தான், சேமித்தான். கை மட்டும் வேலை செய்தது. முகம் எங்கோ போயிருந்தது. ஒரு வருஷக் குடும்ப வாழ்க்கையைத் தின்ற கோளாறைச் சரிசெய்ய, மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிற நேரம்கூட ஆகவில்லை.

"அத்தான்..." என்றான்.

"செருப்பை வெளிய விட்டுட்டு வந்து மீதியைச் சொல்லு" என்றார் அத்தான்.

மறுபடி அழைப்பு போனது. அத்தான் கூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தீவில் எடுத்தார்கள். அத்தான் வாயைத் திறந்தார்; வார்த்தை வரவில்லை. இத்தனை நாள் யாருக்கும் கேட்காது என்று தெரியாமல் பேசியவருக்கு, கேட்கும் என்று தெரிந்ததும் எங்கே ஆரம்பிப்பது என்று புரியவில்லை.

"யாரு அது?" என்றது அக்காவின் குரல். காற்று இரைச்சலில் ஒரு பதற்றம். "யாரோ மூச்சு விடறது கேக்குதே?"

"நான்தான்" என்றார் அத்தான். கொசு ரீங்காரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சத்தம். "நான்தான் ராசாத்தி."

மாமா மகிழ்ச்சியில் கைதட்டப் போனார். அதற்குள் தீவில் வானிலை மாறியது.

"யாரு ராசாத்தி?"

"நீதான்."

"நானா? எப்பலேருந்து?"

அத்தான் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். அவர் காதில் இன்னும் சிவப்பு போகவில்லை. "நீ கப்பல் ஏறினதுலேருந்து. நேர்ல கூப்பிட வரல. தூரமாப் போனதும் வந்துடுச்சு."

தீவில் பதில் இல்லை. இந்த மௌனம் லினக்ஸில் வந்த கோளாறு இல்லை என்பது மாமாவுக்கே புரிந்தது.

பாஸ் கூட்டுக்கு அருகே குனிந்து, நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு, "இன்னும் ஒண்ணு இருக்கு. அதை இவரே சொல்லுவார்" என்றாள்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "மிஷினை விக்கறதாச் சொல்லியிருந்தேனே. வித்துட்டு அங்க வந்துடறேன்னு. நீ வேணாம்னு சொல்லல. அதான் பார்ட்டிக்கு வரச் சொல்லிட்டேன். நாளைக்கு வர்றாங்க."

"எப்போ சொன்னீங்க?"

"போன மாசம். ரெண்டு தடவை."

"இங்க வந்து என்ன அடிப்பீங்க?" அக்காவின் குரல் உடைந்து, உடைந்த இடத்தில் கோபமாக ஒட்டிக்கொண்டது. "இந்தத் தீவுல இருக்கறதே நாங்க நாலு பேரு. எங்களுக்கு விசிட்டிங் கார்டா? நான் இங்க மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்து வெச்சிருக்கேன், நீங்க அங்க மிஷினை விக்க ஆள் கூப்பிட்டிருக்கீங்க. ஒரு நாள் தாண்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"நீ எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

"நீங்க பேசலன்னு!"

"நான் பேசிட்டுதானே இருந்தேன்!" என்றார் அத்தான். அச்சு மிஷினை மிஞ்சும் குரலில். அந்த ஒரு வாக்கியம் பழைய வாட்ச்மேன் இருந்திருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்கும்.

"லைன்லயே இருங்க" என்றாள் அக்கா. நாற்காலி நகரும் சத்தம். கதவு திறந்து காற்று உள்ளே அடித்தது. காலடிகள் தூரமாகப் போயின.

நால்வரும் அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து கடல் கேட்டது. ஒரு பறவை கேட்டது. எங்கோ யாரோ இருமுவதும் கேட்டது. பெங்குயின் ஒருமுறை கையை நீட்டி வால்யூமைத் தொடப் போனான். அத்தான் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டான். மாமா துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு எத்தனையோ இடத்தில் காத்திருக்கிறார். இவ்வளவு வியர்த்ததில்லை.

காலடிகள் திரும்பி வந்தன.

"சொல்லிட்டேன்" என்றாள்.

"என்னன்னு?"

"ஆள் வேற பார்த்துக்கோங்கன்னு. அடுத்த கப்பல்ல வர்றேன். மிஷின் பார்க்க வர்றவங்களுக்கு ஒரு டீ குடுத்து அனுப்பிடுங்க."

அத்தான் ஏதோ சொல்ல முயன்றார். 'ம்' மட்டும் வந்தது.

"அதெல்லாம் இனி செல்லாது" என்றாள் அக்கா. "பேசினேன், பேசினேன்னு சொன்னீங்க இல்ல? எனக்கு ஒண்ணுமே கேக்கல. எல்லாத்தையும் மறுபடி சொல்லுங்க. நான் இங்க வந்து சேர்ந்த அன்னிக்கு என்ன சொன்னீங்களோ அதுலேருந்து."

அத்தான் நிமிர்ந்து மூவரையும் பார்த்தார். பாஸ் ஒரு கையால் மாமாவின் முழங்கையையும், இன்னொரு கையால் பெங்குயினின் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். கதவு சாத்தப்பட்டது.

படிக்கட்டில் மாமா கொஞ்சம் மெதுவாகவே இறங்கினார். முழங்கால் வலி என்று காரணம் வைத்திருந்தார், யாரும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, ஒரு வருஷத்துக்கு முன் கப்பலேறிப் போன மனைவியிடம் கணவர் முதன்முதலாகப் பேசிய அந்தரங்க வார்த்தைகள், அதே அடங்கிய குரலில் மறுபடி தொடங்கின.

"பீரோ சாவியை எங்க வெச்சுட்டுப் போனே?"

"இன்னுமா திறக்கல!" என்றாள் அக்கா.